தகடூர் நகையும் பரமார்த்த குருவும்

இன்று நாம் தருமபுரி என்று வழங்கும் ஊர் சங்க காலத்தில் தகடூர் என்னும் பெயர் பூண்டிருந்தது. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதே ஔவையார் அவன் பொருட்டுத் தூது சென்ற இடத்தில் சொன்ன நகைச்சுவை ஒன்று உண்டு. அதை நம் மாவட்டத்தாரிலேயே பலர் அறியார். தகடூருக்குச் சொந்தமான பழம்பெரும் நகை அது என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

தொண்டைமான் தன் படைவலிமையை எண்ணி இறுமாந்திருந்தான். தூது வந்த புலவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, அடுக்கி வைத்திருந்த வேல்களைக் காட்டினான். ஔவையார் பார்த்தார், பாராட்டவும் செய்தார். இவையெல்லாம் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் எத்துணை அழகாக இருக்கின்றன! எங்கள் அரசனின் வேல்களோ, பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, செப்பனிடுவதற்காகக் கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன. புறநானூற்றின் 95ஆம் பாட்டு தரும் பொருள் இது.

மேலோட்டமாகக் கேட்டால் புகழ்ச்சி. சற்று நின்று கேட்டால் சிரிப்பு. இன்னும் நின்று கேட்டால் எச்சரிக்கை. உன் வேல்கள் போர்க்களம் காணாதவை என்று ஓர் அரசனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தலையோடு திரும்பி வருவதற்கு வேறு வழி ஏது? வசையை மறைத்து வைத்துப் பாடுவதைப் பழிகரப்பு அங்கதம் என்று நம் இலக்கண நூலார் வகுத்தனர். இந்த நகையின் நோக்கம் ஒருவனைத் தலைகுனியச் செய்வதன்று. ஒரு போரை நிறுத்துவது. பின்னாளில் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான் என்பதையும் வரலாறு கூறுகிறது. நகைச்சுவையால் எல்லாப் போரையும் தடுத்துவிட முடியாதுதான். ஆனாலும் வாளை எடுக்கும் முன் ஒரு சொல்லை எடுத்துப் பார்த்த மூதாட்டி நம் மண்ணோடு உறவு கொண்டவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

நகை என்பதைப் பற்றித் தமிழர் ஆழ்ந்து எண்ணியிருக்கின்றனர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலில் நிற்பது நகை. உவகை கடைசியில் தனியே நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றே தெளிவாயிருந்தது. மகிழ்ச்சியில்லாமலும் மனிதன் சிரிக்கிறான். மகிழ்ச்சி மிகுந்தபோது சிரிக்காமலும் இருக்கிறான். நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் தருகிறார். எள்ளல் என்பது இகழ்ந்து நகுதல். இளமை என்பது குழந்தைமை. மழலையைக் கேட்டு நாம் சிரிப்பது இவ்வகை. பேதைமை அறியாமை. மடன் என்பது சற்று நுட்பமானது. பிறர் சொன்னதை ஆராயாமல் அப்படியே கொண்டு, கொண்டதை விடாமல் பிடித்திருப்பதே மடன். அறிவே இல்லாதவன் பேதை. அறிவை வேறொருவனிடம் அடகு வைத்தவன் மடவோன் என்று நான் பிரித்துக் கொள்வதுண்டு.

ஐரோப்பிய அறிஞரும் இத்துறையில் உழைத்திருக்கின்றனர். பிரான்சு நாட்டு மெய்யியலார் பெர்க்சன், 1900இல் வெளியிட்ட நூலில், உயிருள்ள மனிதன் பொறியைப் போல் இயங்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்று விளக்கினார். இது பெரிதும் நம் மடன்தான். 1905இல் பிராய்டு, நகைச்சுவையைத் தீங்கற்றது, உள்நோக்கம் உடையது என்று பிரித்தார். எள்ளலையும் இளமையையும் வேறு வேறாக வைத்த தொல்காப்பியருக்கு இப்பிரிவு புதுமையாக இருந்திராது.

ஆயினும் இந்நான்கைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, உரையாசிரியராகிய பேராசிரியர் சேர்த்த ஒரு குறிப்பு. எள்ளல் இரு வகைப்படும் என்கிறார் அவர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தானே நகுதல் மற்றொன்று. ஏனைய மூன்றுக்கும் இவ்வாறே தன்கண் தோன்றுவது, பிறர்கண் தோன்றுவது என இரு பக்கம் காண்கிறார். என் பேதைமையைக் கண்டு நானே சிரிப்பதும் நகையில் அடங்கும். நகைச்சுவையை வகைப்படுத்தப் புகுந்தவர்கள் பொதுவாக எதைப் பற்றிய சிரிப்பு என்று கேட்பர். பேராசிரியரோ, சிரிப்பவன் அதற்குள் இருக்கிறானா, வெளியே நிற்கிறானா என்று கேட்கிறார்.

திருவள்ளுவர் பண்புடைமை என்னும் ஓர் அதிகாரத்துக்குள்ளேயே இதன் இரு முனைகளையும் வைத்துவிட்டார். பிறரோடு கலந்து சிரித்து மகிழ வல்லமை இல்லாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருண்டே கிடக்கும் என்கிறது அதில் ஒரு குறள். விளையாட்டுக்காகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பம் தரும் என்கிறது அதே அதிகாரத்தின் மற்றொரு குறள். சிரிக்கவும் வேண்டும், சிரிப்பில் நஞ்சு கலக்கவும் கூடாது. சொல்வது எளிது.

நம் பக்கத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்தைக் கண்டவர்கள் இதை அறிவார்கள். இரவெல்லாம் விழித்து மக்கள் பாரதக் கதை பார்க்கின்றனர். அரசன் திரைக்குப் பின் நின்று கம்பீரமாகப் பாடுகிறான். அவனை வரவேற்க வேண்டிய கட்டியங்காரனோ, நீ யார், எந்த ஊர், யாரைக் கேட்டு இங்கே வந்தாய் என்று குறுக்கே கேட்கிறான். அரசன் பேசுவது இலக்கியத் தமிழ். கட்டியங்காரன் பேசுவது களத்துமேட்டுத் தமிழ். அத்தினாபுரத்து அரசவையின் நடுவே அவன் ஊர்க் கிணறு வற்றியதைப் பற்றிப் பேசுவான்; வாங்கிய கடனைக் கொடுக்காதவரைச் சாடையாகக் குறிப்பிடுவான்; முன்வரிசையில் துண்டை மடித்துப் போட்டு அமர்ந்திருக்கும் பெரியவரையும் விட்டுவைக்க மாட்டான். மறுநாள் காலையில் அந்தப் பெரியவரிடம் எவரும் அவ்வாறு பேசத் துணியார். அந்த ஓர் இரவுக்கு, அந்த வேடத்துக்கு மட்டும் ஊர் அளித்த உரிமை அது. தெனாலிராமன் கதைகளும் பீர்பால் கதைகளும் இதே உரிமையின் எழுத்து வடிவங்கள்தாம்.

ஆனால் அதே கட்டியங்காரன், மேலே இருப்பவரை விட்டுக் கீழே இருப்பவரை நோக்கித் திரும்பிவிடுவதும் உண்டு. பெண்களின் உடலைப் பற்றிய சொற்கள், ஒரு சாதியாரின் பேச்சு வழக்கைப் போலிசெய்தல், கால் ஊனமுற்றவரைப் போல் நடந்து காட்டுதல் எல்லாம் மேடைக்கு வருகின்றன. கூட்டம் அதற்கும் சிரிக்கிறது; சில வேளைகளில் அதற்குத்தான் பெரிதாகச் சிரிக்கிறது. கூத்தைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. திருமண வீடுகளிலும், கைப்பேசிக்கு நாள்தோறும் வரும் செய்திகளிலும் நாம் சிரிப்பவை இவற்றினும் மேலானவை அல்ல.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிரிப்பைப் பற்றி இங்குச் சொல்லியாக வேண்டும். தருமபுரிப் பகுதியின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரைத் தொடர்ந்து குடித்தவர்களின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும், துலக்கினாலும் போகாது. நஞ்சு மிகுந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பான் நாட்டின் கடனுதவியோடு நிறைவேறி, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் பிறந்து வளர்ந்த தலைமுறையின் பற்களில் கறை நிலைத்துவிட்டது. வெளியூர்க் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேலி அவர்களின் பற்களைப் பற்றியதாக இருக்கிறது. ஓசூர், பெங்களூரு என்று சென்று திரும்பும் இளைஞர்களைக் கவனித்திருக்கிறேன். நகைச்சுவை ஒன்றைக் கேட்டதும் அவர்களின் வலக்கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்கிறது. நாணத்தால் மூடுவதாக நினைத்திருந்த எனக்கு, ஒரு பெண் காரணத்தைச் சொன்னாள். சிரிப்பது தவறில்லையே என்றேன். சிரித்தால் அடுத்த சிரிப்பு என்னைப் பற்றியதாக இருக்கும், சாமி, என்றாள்.

ஒருவரின் சிரிப்பு மற்றொருவரின் சிரிப்பைப் பறித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நகையின் இந்த இரு முகங்களே திருச்சபையையும் நெடுங்காலம் தயங்க வைத்தன. 4ஆம் நூற்றாண்டின் புனித பொன்வாய் யோவான், மத்தேயு நற்செய்திக்கு ஆற்றிய மறையுரை ஒன்றில், கிறிஸ்து அழுததைக் காண்கிறோம், அவர் சிரித்ததை எங்கும் காணவில்லை என்று சுட்டிக் காட்டினார். துறவியர் பலர் அதை மேற்கோளாகக் கொண்டனர். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் (5:4) புனித பவுல் பகடியைத் தகாதது என்று ஒதுக்குகிறார். வியப்பு என்னவென்றால், மூல மொழியில் அவர் கையாளும் யூத்ரபேலியா என்னும் அதே கிரேக்கச் சொல்லால், அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரிஸ்டாட்டில் ஒரு நற்பண்பைக் குறித்திருந்தார். கோமாளித்தனத்துக்கும் சிடுசிடுப்புக்கும் நடுவில் நிற்கும் இனிய உரையாடல் திறமே அப்பண்பு. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினா இதனைத் தம் இறையியல் தொகுப்பில் மீட்டெடுத்தார். ஓய்வின்றி வளைக்கப்படும் வில் முறிவது போல் மனமும் முறியும். ஆகவே விளையாட்டுச் சொல்லுக்கு இடம் வேண்டும் என்று கூறி, தானும் சிரிக்காமல் பிறரையும் சிரிக்கவிடாமல் சுமையாக இருப்பதும் குற்றமே என்று முடித்தார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது எங்கள் வகுப்பில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டது நினைவுக்கு வருகிறது.

நடைமுறையில் வேறொரு வேடிக்கையும் இருந்தது. செர்மன் மொழி பேசும் நாடுகளில், தவக்காலம் முழுதும் வாடியிருந்த மக்களை உயிர்ப்புப் பெருவிழாவன்று மறையுரையாளர் கதை சொல்லிச் சிரிக்க வைப்பது வழக்கம். சாவு ஏமாந்து போனதைக் கொண்டாடும் சிரிப்பாகத் தொடங்கிய அது, நாளடைவில் கோழியைப் போலக் கூவுவதும் கொச்சை பேசுவதுமாக இழிந்தது. 1518இல் ஈகொலம்பாடியுசு என்பவர் இதைக் கண்டித்து எழுதிய நூல் பாசெல் நகரில் அச்சானது. நல்ல சிரிப்பு எவ்வாறு கெடுகிறது என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

விவிலியமோ இத்தயக்கத்தை அறியாதது போல் நடந்துகொள்கிறது. முதிர்ந்த வயதில் மகன் பிறப்பான் என்று கேட்டு ஆபிரகாம் சிரித்தார். கூடார வாயிலிலிருந்து சாராவும் சிரித்தார். பிறந்த குழந்தைக்கு இட்ட ஈசாக்கு என்னும் பெயரின் பொருளே சிரிக்கிறான் என்பதுதான். ஐயத்தில் எழுந்த சிரிப்பு அந்தப் பெயரில் மகிழ்ச்சியாக மாறிவிட்டது. ஆண்டவர் இயேசு சிரித்ததாக எழுதப்படவில்லை, மெய்தான். ஆனால் கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவனையும், தன் கண்ணில் மரக்கட்டை இருக்கத் தோழனின் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கக் குனிகிறவனையும் கற்பனை செய்து பாருங்கள். கலிலேயாவில் கேட்டுக் கொண்டிருந்தவர்கள் முகத்தை இறுக்கிக் கொண்டா நின்றிருப்பார்கள்? அந்த மரக்கட்டை உவமையில், பிறர் கண்ணை நோக்கிச் சென்ற கை சிரிப்போடு தன் கண்ணுக்குத் திரும்புவதையும் காண்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, 2024ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள், பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானில் சந்தித்தார். அன்பு செய்கிறவர்களோடு விளையாடிச் சிரிப்பது போலக் கடவுளை நினைத்தும் சிரிக்கலாம் என்று அவர்களிடம் கூறினார். நல்ல நகையுணர்வு வேண்டி, புனித தாமஸ் மூரின் பெயரால் வழங்கும் மன்றாட்டை அவர் நாள்தோறும் சொல்லி வந்தவர்.

இந்தப் பின்னணியில்தான், தமிழில் எல்லாரும் சிரித்துப் படிக்கும் ஒரு நூலை ஒரு கத்தோலிக்கக் குரு எழுதினார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவா வந்திறங்கித் தமிழகம் அடைந்தார். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியையும், 1732இல் முடிந்த சதுரகராதியையும் எண்ணி அவரைப் பெரும்புலவர் என்று போற்றுகிறோம். அவர் இயற்றிய பரமார்த்த குரு கதையைக் குழந்தைகளுக்கு உரியது என்று ஓரத்தில் வைத்துவிடுகிறோம். தமிழ் உரைநடையில் புனைகதைக்கு முன்னோடியாக நிற்கும் நூல்களில் அது ஒன்று. சென்னை அரசுப் பணியில் இருந்த பெஞ்சமின் பாபிங்டன், 1822இல் இலண்டனில் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அச்சிட்டார். தமிழ் கற்க விரும்பிய ஆங்கிலேயருக்காகச் சொற்பட்டியலும், முதற்கதைக்கு மட்டும் இலக்கணப் பகுப்பும் இணைத்தார். ஒரு நகைச்சுவைக் கதையை வேற்றுமை உருபுகளாகவும் வினையெச்சங்களாகவும் பிரித்துப் படித்த அந்த மாணாக்கர்கள் எந்த இடத்தில் சிரித்தார்களோ! 1826இல், நமக்கு அண்டையிலுள்ள மைசூர் நாட்டில் நெடுநாள் மறைப்பணியாற்றித் தாயகம் திரும்பிய துய்புவா அடிகளார், பாரிசில் தாம் வெளியிட்ட பஞ்சதந்திரக் கதைகளோடு பரமார்த்த குருவையும் பிரெஞ்சு மொழியில் சேர்த்தார்.

கதை யாவருக்கும் தெரிந்ததே. பரமார்த்த குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர்கள். ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள். தண்ணீர் சீறுகிறது, விழித்திருக்கிறது என்று அஞ்சித் திரும்புகிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது உருண்டு விழுந்து உடைய, புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக் குட்டி என்று துரத்துகிறார்கள். வாடகைக்கு எடுத்த மாட்டின் நிழலில் குரு இளைப்பாறியதற்குத் தனிக்கூலி கேட்கிறான் மாட்டுக்காரன். நிழலுக்குப் பணத்தின் ஓசையே கூலி என்று தீர்ப்பாகிறது.

இவையெல்லாம் முனிவர் தாமே புனைந்தவை அல்ல. மாட்டு நிழல் வழக்குக்கு நெருங்கிய கதைகள் கிரேக்கர் காலத்திலேயே ஐரோப்பாவில் வழங்கின. ஆற்றைக் கடந்தபின் தம்மை எண்ணிப் பார்த்து ஒருவர் குறைகிறார் என்று அழும் கதை, கோத்தம் என்னும் ஊராரைப் பற்றியதாக 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சொல்லப்பட்டது. அதே கதையைப் பத்தாவது மனிதன் என்னும் பெயரில் சங்கரரும், பஞ்சதசி இயற்றிய வித்தியாரணியரும் வேதாந்தம் விளக்க எடுத்தாண்டிருக்கின்றனர். எண்ணுகிறவன் தன்னை மறந்துவிடுகிறான். பத்தாவது ஆள் நீயே என்று வழிப்போக்கன் ஒருவன் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே மெய்யியலாக நின்ற கதை, வீரமாமுனிவர் கையில் அடியும் அழுகையுமாக ஆற்றங்கரைக்குத் திரும்புகிறது. நாட்டார் வாயில் கேட்டவற்றையும் தாம் பிறந்த மண்ணிலிருந்து நினைவில் கொணர்ந்தவற்றையும் ஒரே சரட்டில் கோத்தார் என்று கொள்வதே பொருத்தம்.

அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார்? இந்து சமயக் குருமாரையும் மடங்களையும் இழித்துரைக்க எழுதினார் என்று கூறுவோர் உண்டு. ஒரு மறைபரப்பாளர் எழுதியதால் அந்த ஐயம் எழுவது இயற்கை. அக்குற்றச்சாட்டை நாம் தட்டிக் கழிக்கவும் கூடாது. ஏனெனில் எள்ளலின் கூர்மையை வீரமாமுனிவர் நன்கறிந்தவர். தரங்கம்பாடியில் 1706 முதல் பணியாற்றி வந்த லூத்தரன் சபையாரை எதிர்த்து அவர் எழுதிய பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு முதலிய நூல்கள் கடுமையானவை. அந்நாளைய சண்டை அது. எதிர்த்தரப்பும் பூமாலை தொடுக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகு, பிரிந்த சகோதரரைப் பற்றி அந்த நடையில் எழுதுவதை நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாது. இத்தனைக்கும், அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம்தான்! எள்ளப்பட்டவர்கள் எள்ளியவரின் நூலுக்கு எழுத்துக் கோத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போது எனக்கு வரும் சிரிப்பில் சற்று வெட்கமும் கலந்தே வருகிறது.

பரமார்த்த குருவை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். முதலில் அந்த ஐந்து பெயர்களைப் பாருங்கள். பேதை என்பது தொல்காப்பியர் சொன்ன பேதைமையிலிருந்து எடுத்தது போலவே இருக்கிறது. மடையனும் மட்டியும் மூடனும் அதன் சுற்றத்தார். ஆனால் மிலேச்சன் என்பதன் முதற்பொருள் அறிவிலி என்பதன்று. வேற்று நாட்டான், ஆசாரமற்றவன் என்று ஐரோப்பியரையும் பிற அயலாரையும் இகழ்ந்து குறிக்க வழங்கிய சொல் அது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி முதலாக, மதுரை மறைத்தளத்துக் குருக்கள் அனைவரையும் அலைக்கழித்தது இத்தகைய இகழ்ச்சிதான். பறங்கி என்னும் பெயர் தம்மேல் ஒட்டாதிருக்கவே அவர்கள் புலால் துறந்தார்கள், காவி உடுத்தார்கள். இத்தாலியில் பிறந்த ஒருவர், தம் கதையின் மடையர் கூட்டத்தில் ஒருவனுக்கு மிலேச்சன் என்று பெயரிடும்போது, ஊரார் தம்மைச் சொல்லும் வசை அது என்பதை அறியாமலா இட்டிருப்பார்?

இன்னொன்று. மதுரை மறைத்தளத்தில் குரு என்பது யாருடைய பட்டம்? காவியுடுத்து, சீடர் சூழ, ஊர் ஊராகச் சென்று போதித்த இயேசு சபையாரும் தம்மைக் குரு என்றே அழைத்துக் கொண்டனர். பயணத்துக்கு ஊர்தி கிடைக்காமல் தவிப்பதும், உடன் வருகிறவர்கள் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொள்வதும், ஆற்றங்கரையில் வெள்ளம் வடியக் காத்திருப்பதும் அவர்களின் அன்றாட வாழ்வு. அந்தக் கதையில் சமயக் கொள்கை எதுவும் தாக்கப்படுவதில்லை. தெய்வம் எதுவும் கேலிக்கு ஆளாவதில்லை. சிக்கிக் கொள்கிறவர் ஒரு குரு. எழுதியவரும் ஒரு குரு. பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகை நகை, தன்கண் தோன்றும் நகை, இதுவென்றே நான் கருதுகிறேன். ஆய்வாளர் மறுக்கலாம். ஆனால் மறுப்பு நூல்களின் எள்ளலை இன்று ஆராய்ச்சியாளர் தவிர எவரும் தேடிப் படிப்பதில்லை. பரமார்த்த குருவையோ எல்லாச் சமயத்துப் பாட்டிமாரும் எல்லாச் சமயத்துப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வருகிறார்கள். வெறுப்போடு எழுதியிருந்தால் வெறுக்கப்பட்டவர்களின் வீட்டுத் திண்ணையில் அதற்கு இடம் கிடைத்திருக்குமா?

அக்கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது குருவின் குதிரைப் பயணம். குருவின் தலைப்பாகை மரக்கிளையில் பட்டு விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவில்லையே என்கிறார்கள். விழுவதையெல்லாம் எடுங்கள் என்று குரு சினக்கிறார். சற்று நேரத்தில் குதிரை சாணமிட, அதையும் பணிவோடு தலைப்பாகையில் ஏந்தி வருகிறார்கள். வெகுண்ட குரு, எவையெவை விழுந்தால் எடுக்க வேண்டும் என்று ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார். மடன் என்பதற்குத் தொல்காப்பிய உரையில் தேடினாலும் இப்படி ஓர் எடுத்துக்காட்டுக் கிடைக்காது. சொன்னதைக் கொண்டார்கள், கொண்டதை விடவில்லை. இங்கே சிரிப்பு சீடர்களைப் பற்றியது. பங்குத் தந்தையாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பழகிய எனக்கு, நம் அன்பியக் கூட்டங்களில் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது எளிதாகவே இருக்கிறது.

ஆனால் முனிவர் அங்கே நிறுத்தவில்லை. சிறிது தொலைவு சென்றதும் குதிரை இடற, குருவே குப்புறக் குழியில் விழுகிறார். கூக்குரலிடுகிறார். சீடர்கள் ஓலையைப் பிரித்து உரக்கப் படிக்கிறார்கள். தலைப்பாகை இருக்கிறது, வேட்டி இருக்கிறது, மேலாடை இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, ஆடையின்றிக் கிடப்பவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் கெஞ்சுகிறார், திட்டுகிறார். ஓலையில் தங்கள் பெயர் இல்லையே என்கிறார்கள். முடிவில் அவர் ஓலையையும் எழுத்தாணியையும் கேட்டு வாங்கி, கிடந்த கிடையிலேயே, தாம் விழுந்தாலும் எடுக்க வேண்டும் என்று தம் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். அதன் பிறகே அவரைத் தூக்கினார்கள்.